பாலாற்று மணல், ஏரி வண்டல்: தாருக்கு 9,500 வின்ச் போதுமா, 12,000 வேணுமா?

காட்பாடி_தார் (கேள்வி)

வணக்கம். வண்டி மாட்டிக்கிட்டா வெளிய இழுக்க ஒரு வின்ச் (மூக்குல பூட்டற, கயிறைச் சுத்தி இழுக்கற மோட்டார்) வாங்கணும். மஹிந்திரா தார் ஜீப், டீசல், மேனுவல் கியர். ரெண்டு பேர், டூல்ஸ், தண்ணி கேன், முழு டேங்கோட எடை மேடையில ஏத்திப் பார்த்ததுல 2,150 கிலோ. ஓட்டம் எல்லாம் வேலூர் சுத்துவட்டாரம்தான்: பாலாறு, பொன்னை ஆத்து மணல், பேரணாம்பட்டு பக்கம் பாறையும் செம்மண்ணும், ஐப்பசி கார்த்திகை மழை விட்டதும் ஏரியோரத்து வண்டல். கூட வர்றது ஒரே ஒரு சுஸுகி ஜிம்னி, சின்ன ஜீப்.

கடைக்காரர் 12,000 பவுண்டு வின்ச், இரும்பு வடத்தோட எடுத்துக்கோன்றார். வேற ஒருத்தர் 9,500 போதும், சிந்தெடிக் கயிறு போடுன்றார். கூடவே "ரெகவரி கிட்"னு ஒரு பை தர்றாங்க: ஒரு பெல்ட், ரெண்டு ஷேக்கிள் (பின் போட்டு மூடற U வடிவ இரும்பு வளையம்), ஒரு கப்பி, துணிக் கையுறை. எதுலயும் எத்தனை டன்னுனு அச்சு இல்ல. மொத்தமா 80,000 ரூபாய் ஒதுக்கி வச்சிருக்கேன். எதை முதல்ல வாங்கறது, எதுல கை வைக்கக் கூடாது?

ஆற்காடு_கியர்

தம்பி, அந்தப் பையை முதல்ல தள்ளி வைங்க. டன் குறி அடிக்காத ஷேக்கிள் மாட்டுக் கொட்டாய் கேட்டுக்கு ஆகும், வண்டி இழுக்க ஆகாது.

வின்ச் அளவுக்கு எல்லாரும் சொல்ற கணக்கு, சுமையோட உள்ள எடை மாதிரி ஒன்றரை மடங்கு. உங்களுக்கு 3,225 கிலோ வருது. 9,500 பவுண்டுன்னா 4,309 கிலோ, 12,000ன்னா 5,443. காகிதத்துல 9,500 தாராளம்தான். ஆனா பெட்டி மேல போட்டிருக்கிற அந்த 4,309 டிரம்முல (கயிறு சுத்தற உருளையில) ஒரே ஒரு அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைக்கிறது. அதாவது கயிறு கிட்டத்தட்ட முழுசா வெளிய போயிருக்கணும். அடுக்கு ஏற ஏற டிரம் பருக்கும், இழுவை விழும். வழக்கமான 9,500 வின்ச்ல ரெண்டாவது அடுக்குல சுமார் 3,500, மூணாவதுல 3,000, நாலாவதுல 2,600 கிலோதான். மரம் எட்டு மீட்டர் தூரத்துல இருக்குன்னு வைங்க, கயிறு பெரும்பாலும் டிரம்முலயே கிடக்கும், உங்க கையில இருக்கறது அந்த 2,600தான்.

இப்போ எதிர்ப்பக்கம் பாருங்க. சேத்துல சக்கரம் அளவு புதைஞ்சா வண்டி எடை அளவுக்கே இழுவை வேணும். மட்கார்டு வரைக்கும் போயிட்டா ரெண்டு மடங்கு, பாடிக்கு மேல ஏறிட்டா மூணு மடங்கு. ராணுவத்து மீட்புக் கையேட்டுல ரொம்ப காலமா இருக்கற கணக்கு இது. மேடு ஏறணும்னா அதுக்குத் தனியா கூட்டிக்கணும். உங்க தார் ஏரியில மட்கார்டு வரை இறங்கினா 4,300 கிலோ. அதுக்கு 12,000 வின்ச்சே மேல் அடுக்குல திணறும்.

அதனால வின்ச்சைப் பெருசாக்காதீங்க, கப்பி போடுங்க. கயிறு மரத்துல கட்டின கப்பிக்குப் போய்த் திரும்பி வண்டிக்கே வந்தா இழுவை ரெட்டிப்பு. 2,600 ரெண்டு தடவை 5,200. உராய்வுல பத்துல ஒண்ணு போனாலும் 4,700 கிட்ட நிக்கும். அதோட கயிறும் ரெண்டு மடங்கு வெளிய போறதால டிரம் மெலிஞ்சு, கீழ் அடுக்கு கிடைக்கும். வேகம் பாதியாகும், அது நல்லதுதான்.

12,000 வின்ச் இரும்பு வடத்தோட முப்பத்தஞ்சு, நாப்பது கிலோ மூக்குல தொங்கும். முன் ஸ்பிரிங் உக்காந்துடும். 9,500, சிந்தெடிக் கயிறு, நல்ல கப்பி ஒண்ணு. தாருக்கு இதுதான் என் கட்சி.

வாலாஜா_ஷேக்கிள்

மேலே சொன்ன கணக்கில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. கப்பி போட்டால் வண்டியின் கொக்கியில் 2,600 கிலோதான், ஆனால் மரத்தைச் சுற்றிய பெல்ட்டிலும் அங்கே மாட்டிய ஷேக்கிளிலும் 5,200 கிலோ. பெரும்பாலும் பிய்வது அந்த முனைதான், ஏனென்றால் எல்லோரும் வின்ச் கயிற்றுக்குக் கணக்குப் போடுகிறார்கள், மரத்துக்குப் போடுவதில்லை. கயிறு நேரே திரும்பி வராமல் 90 டிகிரி திரும்பினால் கப்பியில் விழுவது சுமார் 1.4 மடங்கு.

சாமான் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். இரும்பு ஷேக்கிளில் அடித்திருப்பது பாதுகாப்பாகச் சுமக்கும் அளவு. முக்கால் அங்குல வளைவு ஷேக்கிளுக்கு 4.75 டன், முக்காலே அரைக்கால் அங்குலத்துக்கு 6.5 டன், அறுவதற்கு இதைப்போல் ஐந்தாறு மடங்கு வேண்டும். சாஃப்ட் ஷேக்கிள் (கயிற்றாலேயே பின்னிய ஷேக்கிள்), கைனெடிக் கயிறு (பாய்ந்து இழுக்க, நீண்டு சுருங்கும் கயிறு), வின்ச் கயிறு ஆகியவற்றில் அச்சடித்திருப்பதோ அறும் அளவு. "15 டன் சாஃப்ட் ஷேக்கிள்" என்பதையும் "4.75 டன் இரும்பு ஷேக்கிள்" என்பதையும் பக்கத்தில் வைத்து, முதலாவதுதான் மூன்று மடங்கு வலு என்று நினைத்தால் தப்பு. அறும் அளவுக்கு அறும் அளவு ஒப்பிட்டால் இரும்புதான் முன்னால் நிற்கும். ஆனாலும் சாஃப்ட் ஷேக்கிளையே சொல்வேன். அறுந்தால் கால் கிலோ கயிறு; இரும்பு அறுந்தால் கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும் குண்டு.

மரத்தைச் சுற்றும் பெல்ட் விஷயத்தில் பணம் மிச்சம் பிடிக்கலாம். கிரேன்காரர்கள் பயன்படுத்தும் பாலியஸ்டர் தூக்கு பெல்ட்டைத் தேடுங்கள். பெல், சிப்காட் எல்லாம் இருக்கிற ராணிப்பேட்டையில் தூக்குச் சாமான் விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. நிறமே டன்னைச் சொல்லிவிடும்: ஊதா 1, பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. மஞ்சள், 3 மீட்டர் நீளம், 90 மில்லி அகலம் எடுங்கள். அதன் 3 டன்னுக்கு மேல் ஏழு மடங்கு இடைவெளி வைத்துத்தான் தைக்கிறார்கள். மரத்தைச் சுற்றி இரு காதுகளையும் ஒரே ஷேக்கிளில் கோத்தால் சுமை இரு பக்கமும் பிரியும். ஒரு காதுக்குள் இன்னொன்றை நுழைத்துச் சுருக்குப் போடாதீர்கள், பெல்ட் தன்னையே அறுத்துக்கொள்ளும், மரப்பட்டையும் உரியும். லேபிள் கிழிந்த பழைய பெல்ட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இந்த பாலியஸ்டர் பெல்ட் நீளாது. அதனால் மரத்துக்கும் வின்ச் நீட்டிப்புக்கும் சரி. பாய்ந்து இழுக்க ஆகாது. நைலான் கைனெடிக் கயிறு இதற்கு நேர் எதிர். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்துவதுதான் இந்தத் துறையின் ஆதி பாவம்.

காட்பாடி_தார்

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பாலாத்து நடுவுல மரமே இல்லையே? அரை கிலோமீட்டருக்கு வெறும் மணல். அங்க வின்ச் எதைப் பிடிச்சு இழுக்கும்? ஜிம்னியில கட்டி இழுக்கலாமா?

பொன்னையாற்றங்கரை

ஆத்து மணல்ல மாட்டின வண்டிக்கு வின்ச் கடைசி வைத்தியம். முதல் வைத்தியம் காத்தை இறக்கறது. 16 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்குங்க, 15-க்குக் கீழ போனா திருப்பத்துல டயர் விளிம்பை விட்டுக் கழண்டுக்கும். வால்வுல குச்சி வச்சு அழுத்தினா கண்ணை மூடிக்கிட்டு இறக்கற மாதிரி, ஒரு நல்ல கேஜ் வாங்கிடுங்க. திரும்ப ஏத்த கம்ப்ரஸர் வேணும். சிகரெட் லைட்டர்ல சொருகற பொம்மை இல்ல, பேட்டரியில நேரா கிளிப் போடறது.

ரெண்டாவது மம்பட்டி. சக்கரம் சுத்தறதை நிறுத்தின அந்த நொடியே இறங்கிடணும். ஆக்சில் மணல்ல உக்கார்ற வரை ஆக்சிலேட்டரை மிதிச்சவனுக்குத்தான் அடுத்த ரெண்டு மணி நேரம் கூலி. நாலு சக்கரத்துக்கு முன்னாடியும் சரிவா வழி வெட்டி, டிஃபரென்ஷியல் குடத்துக்குக் கீழ இருக்கற மணலை எடுத்துட்டு, ரெகவரி போர்டு ரெண்டைச் சக்கரத்துக்கு அடியில நல்லா நெருக்கிச் சொருகினா பெரும்பாலும் தானா ஏறி வந்துடும். போர்டு மேல சக்கரம் சுத்தவிடாதீங்க, பல்லு உருகி வழவழன்னு ஆயிடும்.

இதெல்லாம் ஆகலைன்னாதான் நங்கூரம். பழகின வழி ஒண்ணு: சவுக்குக் கம்பு. நாலு அங்குல கனம், அஞ்சு அடி நீளம், மூணு கம்பு சேர்த்துக் கட்டுங்க. இழுக்கற திசைக்குக் குறுக்கா மூணு அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்க. குழியோட வண்டிப் பக்கச் சுவர் இடியாம செங்குத்தா நிக்கணும், அந்தச் சுவர்தான் சுமையைத் தாங்கப் போகுது. மேல் மணல் சரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு அடி போனதும் ஈரம் தட்டும், நிறம் மாறும், மம்பட்டி வெட்டின தழும்பு அப்படியே நிக்கும். அங்கயிருந்துதான் உங்க நங்கூரம் ஆரம்பம். கட்டுக்கு நடுவுல பெல்ட்டைச் சுத்தி, குழியிலருந்து வண்டிப் பக்கம் மேல வர்ற மாதிரி ஒரு சின்னச் சரிவு வாய்க்கால் வெட்டுங்க. இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. வாய்க்கால் இல்லைன்னா பெல்ட் கம்பை மேல்நோக்கிப் பிடுங்கும், பத்து நிமிஷ வேலை பத்து நொடியில வெளிய வந்துடும். மூடி மிதிச்சு, தண்ணி கேன் ஒண்ணை ஊத்திட்டு இழுங்க. கம்பு இல்லைன்னா ஸ்டெப்னியைப் புதைக்கலாம், அதே ஆழம், அதே வாய்க்கால். பின்னாடி ஒரு குறுக்குக் கட்டை கோத்து நடு ஓட்டை வழியா சாஃப்ட் ஷேக்கிள்.

ஜிம்னியை நங்கூரமா நிறுத்தினா அது உங்ககிட்ட வரும், நீங்க அதுகிட்ட போக மாட்டீங்க. அதோட அதிகபட்ச மொத்த எடையே 1,545 கிலோ. சக்கரத்துக்கு முன்னாடி குழி வெட்டி இறக்கி நிறுத்தினாலும் ஓரளவுக்குத்தான் தாங்கும். ஆனா கைனெடிக் கயிறு போட்டு ஜிம்னி பாஞ்சு இழுக்கலாம், அதுக்குத்தான் அந்தக் கயிறே.

கரைக்குக் கிட்ட இருந்தா புளியமரம் இருக்கான்னு பாருங்க, அதுக்கு மேல ஒரு நங்கூரம் கிடையாது. கரையோரத் தென்னையை நம்பாதீங்க, தண்ணி அரிச்சு வேர் தொங்கிக்கிட்டு நிக்கும். சீமைக்கருவேலம்னா ஒத்தைக் கிளையைப் பிடிக்காம அடிக்கொத்து முழுசையும் சேர்த்துச் சுத்துங்க. கரன்ட் கம்பம், அதோட ஸ்டே கம்பி பக்கமே போகாதீங்க. பேரணாம்பட்டு பக்கம் கருங்கல் பாறை நிறைய. சரிவு மேல சும்மா உக்காந்திருக்கிற உருண்டைக் கல்லைக் கட்டினா கல்லு கீழ வரும், நீங்க இருக்கற பக்கமா.

ஆற்காடு_கியர்

கைனெடிக் கயிறு வாங்கறப்போ பருமனை விட்டுடாதீங்க. "பெருசு வாங்கினா பாதுகாப்பு"ன்னு 22 மில்லி கயிறு எடுப்பாங்க. அதை நீட்டற பலம் ஜிம்னிக்குக் கிடையாது. நீளாத கயிறு வெறும் சங்கிலி மாதிரி வெடுக்குனு ரெண்டு வண்டியையும் உலுக்கும். 19 மில்லி, 9 மீட்டர் உங்களுக்குச் சரி. அறும் அளவு எட்டரை, ஒன்பது டன் வரும், மாட்டின வண்டி எடை மாதிரி நாலு மடங்கு. நைலான் நனைஞ்சா பத்துல ஒண்ணு வலு போகும், அதுக்கும் இடம் இருக்கு.

ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தளர்வு விட்டு, லோ ரெண்டாவது கியர்ல சும்மா நடக்கற வேகத்துக்குக் கொஞ்சம் மேல. ஓடி வந்து இழுக்க வேண்டாம். வரலைன்னா ஜிம்னியைக் குறை சொல்லாம திரும்ப மம்பட்டி எடுங்க. ரெண்டு இழுப்புக்கு நடுவுல கயிறு சுருங்கிப் பழைய நீளத்துக்கு வர கொஞ்ச நேரம் கொடுங்க.

ரெண்டு பெல்ட்டை நடுவுல இரும்பு ஷேக்கிள் போட்டு நீட்டாதீங்க. டிரெய்லர் மாட்டற உருண்டையில ஒருநாளும் கட்டாதீங்க, உலகம் பூரா ஆளைக் கொன்ன சாமான் அது. வண்டிக்கு அடியில இருக்கற, லாரியில ஏத்தறப்போ கட்டற வளையமும் இழுக்கறதுக்கு இல்ல. சேசிஸ்ல ரெண்டு போல்ட்டாவது போட்டுப் பிடிச்ச, டன் குறி உள்ள ரெகவரி பாயின்ட் முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணாவது வேணும். போல்ட் தலையில 8.8 இல்ல 10.9னு இருக்கான்னு பாருங்க. வழவழன்னு வெறும் தலையா இருந்தா மாத்துங்க. முன்னாடி ரெண்டு பாயின்ட்டையும் ஒரு சின்ன பெல்ட்டால இணைச்சு நடுவுலருந்து இழுத்தா சேசிஸ் ஒரு பக்கமா முறுக்காது.

இன்னொண்ணு, நம்ம பக்கம் வண்டி மாட்டினா அரை மணியில டிராக்டர் வந்துடும். வரட்டும், நல்லதுதான். ஆனா டிராக்டர்ல கீழ இருக்கற இழுவைச் சட்டத்துல மட்டும் கட்டுங்க. மேல டாப் லிங்க் பக்கம் கட்டினா முன்சக்கரம் தூக்கி டிராக்டர் பின்னாடி கவிழும், ஓட்டறவர் மேலயே. அவங்க கொண்டுவர்ற சங்கிலியில தளர்வே விடக் கூடாது. மெதுவா விறைப்பாக்கி, அப்புறம் இழுக்கச் சொல்லுங்க.

வாலாஜா_ஷேக்கிள்

கயிறா வடமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பாறைப் பக்கம் மட்டும் ஓட்டுகிறவருக்கு இரும்பு வடம் தப்பில்லை. உரசலைத் தாங்கும், வெயிலில் கெடாது. ஆனால் பிரிந்த ஒரு இழை துணிக் கையுறையைக் கிழித்து உள்ளங்கைக்குள் போகும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஊர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணிக் கையுறை போடுவதற்கு மன்னிப்பே கிடையாது. வடத்தைச் சுற்றி அதிலேயே கொக்கி போடாதீர்கள். ஒரு தடவை மடிந்த இடம் மடிந்ததுதான்.

உங்கள் வண்டிக்கு 10 மில்லி சிந்தெடிக். அறும் அளவு எட்டு, ஒன்பது டன். இதற்கு எதிரிகள் இரண்டு. ஒன்று மணல். பாலாற்று மணலில் ஒரு நாள் புரண்ட கயிற்றை முறுக்கவிழ்த்து வெயிலில் பாருங்கள், இழைகளுக்கு நடுவே பொடிப்பொடியாக மின்னும். அடுத்த இழுவையில் அந்தப் பொடி ஒவ்வொன்றும் உள்ளிருந்து அறுக்கும். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு அலசி, நிழலில் உலர்த்திச் சுற்றுங்கள். இரண்டாவது சூடு. விலை குறைந்த வின்ச்களில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு கயிற்றை வெளியே விட்டு வண்டியை இறக்கினால் டிரம் கொதிக்கும். இந்த நார் 70 டிகிரியிலேயே வலுவிழக்கத் தொடங்கி 145 டிகிரி பக்கம் உருகிவிடும். வின்ச்சில் இழுங்கள், இறக்காதீர்கள்.

ஃபேர்லீட்டும் (வின்ச் முன்னால் கயிறு வெளியே வரும் வாய்) மாற வேண்டும். சிந்தெடிக்குக்கு வழவழப்பான அலுமினிய ஹாஸ், வடத்துக்கு ரோலர். வடம் ஓடிப் பள்ளம் விழுந்த ரோலரில் கயிற்றைப் போட்டால் ஒரே பருவத்தில் பஞ்சாகிவிடும். அறுந்தால் முடிச்சுப் போடாதீர்கள், வலு பாதியாகிவிடும். ஒரு முனையைக் கயிற்றின் வயிற்றுக்குள் நுழைத்துப் பின்னுவதுதான் முறை: புதையும் நீளம் கயிற்றின் குறுக்களவைப்போல் 72 மடங்கு, 10 மில்லிக்கு 72 சென்டிமீட்டர்.

புதுக் கயிற்றை வின்ச்சோடு வந்தபடியே நம்ப வேண்டாம். லேசான ஏற்றத்தில் முழுதும் அவிழ்த்து, பிரேக்கை இலேசாகத் தொட்டுக்கொண்டு வண்டியை அதன் வின்ச்சாலேயே இழுத்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றியிருந்தால் மேல் அடுக்கு கீழே புகுந்து கவ்விக்கொள்ளும், அப்புறம் வெளியேயும் வராது. டிரம்மில் எப்போதும் பத்துச் சுற்றாவது மிச்சம் இருக்கட்டும்.

பொன்னையாற்றங்கரை

கரன்ட் விஷயம் யாரும் தொடலையே. 9,500 வின்ச் முழுச் சுமையில 400 ஆம்பியர் பக்கம் குடிக்கும். ஆல்டர்நேட்டர் அதுல மூணுல ஒரு பங்குகூடத் தராது, மிச்சம் பேட்டரியிலருந்துதான். இன்ஜினை ஓட விட்டு, அரை நிமிஷம் இழு, நிறுத்து, மோட்டாரைத் தொட்டுப் பாரு. பேட்டரி சோர்ந்து வோல்ட் விழுந்தா சோலினாய்டு (வின்ச்சுக்குக் கரன்ட் விடற ஸ்விட்ச்) உள்ள கான்டாக்ட் ஒட்டிக்கும். அப்புறம் ரிமோட்டை விட்டாலும் வின்ச் நிக்காது, கொக்கி ஃபேர்லீட்டை உடைக்கற வரை சுத்தும். அதனால பாசிட்டிவ் கேபிள்ல கைக்கு எட்டற மாதிரி ஒரு ஐசொலேட்டர் (கரன்டைத் துண்டிக்கற ஸ்விட்ச்) கட்டாயம். வேலை இல்லாதப்போ அது ஆஃப்லயே இருக்கட்டும். வயர்லெஸ் ரிமோட் இருந்தாலும் வயர் ரிமோட்டையும் பையில போடுங்க. தண்ணியில இறங்கி வந்தா அன்னைக்கே ரெண்டு நிமிஷம் சும்மா ஓட்டிக் காய விடுங்க.

இழுக்கும்போது கயிறு நடுவுல கனமா ஏதாவது போடணும், ஈரக் கோணிப்பை போதும். ஊர்ல வண்டி மாட்டினா சின்னப் பசங்க எல்லாம் கரையில வந்து உக்காருவாங்க. கயிறு நீளம் மாதிரி ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரும் இருக்கக் கூடாது. வேடிக்கை பார்க்கறவங்களை நகர்த்தறதுக்குன்னே ஒரு ஆளை நிறுத்துங்க, ரிமோட் பிடிக்கறவர் அதையும் சேர்த்துப் பார்க்க முடியாது.

முன்னாடி பெரிய இரும்பு பம்பர் போடறேன்னு கிளம்பாதீங்க. 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் புல் பாருக்கு எதிரா மாநிலங்களுக்கு எழுதிடுச்சு; மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ல வரும். கம்பெனி பம்பருக்குப் பின்னாடி மறைவா உக்கார்ற வின்ச் தட்டு பாருங்க. ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் காப்புக்காடு, அனுமதி இல்லாம வண்டியைப் பாதையை விட்டு இறக்கவே கூடாது.

காட்பாடி_தார்

சரி, இப்படி வாங்கறேன், பார்த்துச் சொல்லுங்க. முதல் மாசம்: கேஜ், கம்ப்ரஸர், மம்பட்டி, போர்டு ரெண்டு, 19 மில்லி கைனெடிக் 9 மீட்டர், டன் குறி உள்ள பாயின்ட். அடுத்து: மஞ்சள் பெல்ட் 3 மீட்டர் ஒண்ணு, சாஃப்ட் ஷேக்கிள் மூணு, 6.5 டன் இரும்பு ஷேக்கிள் ஒண்ணு, கப்பி, தோல் கையுறை ரெண்டு ஜோடி. கடைசியா 9,500 வின்ச், சிந்தெடிக், ஹாஸ், ஐசொலேட்டர். சவுக்குக் கம்பு மேல கேரியர்ல.

வாலாஜா_ஷேக்கிள்

மஞ்சள் பெல்ட் இரண்டாக்குங்கள். ஒன்று மரத்தில் இருக்கும்போது நீட்டிப்புக்கு இன்னொன்று வேண்டும். கப்பி வாங்கும்போது கயிற்றுப் பள்ளம் 10 மில்லிக்கு அகலமா என்று உங்கள் கயிற்றுத் துண்டை வைத்தே பாருங்கள். வடத்துக்குச் செய்த கப்பியின் பக்கத்தட்டு விளிம்பு கூராக இருக்கும், விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரியும். அலுமினிய வளையக் கப்பி என்றால் சாஃப்ட் ஷேக்கிள் அதன் நடுவில் வழுக்கி ஓடும், அங்கே இரும்பு ஷேக்கிளைப் போட்டுவிடாதீர்கள். அந்த 6.5 டன் ஷேக்கிள் மரத்து பெல்ட்டுக்கு மட்டும். அதன் பின்னை முழுக்கத் திருகி, கால் சுற்று பின்னால் விடுங்கள், இல்லையென்றால் இழுவை முடிந்ததும் கழற்ற ஸ்பானர் தேட வேண்டிவரும்.